செல்லையா குடித்திருக்கவில்லை

2025 பிப்ரவரி 6, வியாழக்கிழமை. ஆமத்தூர், அண்ணன் வீடு. காலை 5.40க்கு எழுந்தேன். தூக்கம் ஆறு மணி ஐம்பது நிமிடம். மனநிலை எண் 5. வெந்நீர் ஒரு டம்ளர். கண்மாய்க்கரை வரை நடந்து திரும்ப முப்பத்தைந்து நிமிடம். இட்லி நான்கு, கத்திரிக்காய்க் கொத்சு. பத்து மணிக்கு அண்ணனுடைய வண்டியில் விருதுநகர் போய், லீட்ஸுக்குக் கொண்டுபோக மிளகாய்ப் பொடியும் துவரம் பருப்பும் நல்லெண்ணெயும் வாங்கினோம். ஒன்றே கால் மணிக்குச் சாப்பாடு, அரை மணி நேரம் படுக்கை. மாலை நான்கு மணிக்கு மாடி அறைக் கதவைச் சாத்தினேன். கைபேசியை ஒரு செம்பில் சாய்த்து வைத்து, கடல் கடந்து ஒரு தேவாலயக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்த எட்டுப் பேரிடம் என் எண்ணைச் சொன்னேன். ஐந்து.

அந்த வட்டத்தில் என் நாற்காலியை அவர்கள் எடுத்துவிடவில்லை. அதில் ஒரு மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்தக் கணினியில் என் முகம் தெரியும். எனக்கு அவர்களுடைய முழங்கால்களும் பாதி முகங்களும் தெரிந்தன. அங்கே காலை பத்தரை. ஜன்னலுக்கு வெளியே மேகம் மூடி, இன்னும் சரியாக வெளிச்சம் வந்திருக்கவில்லை. என் பின்னால் ஆமத்தூர் வெயில் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. "நீ எரிந்துகொண்டிருக்கிறாய் போல இருக்கிறது, முரு" என்றார் குழுவை நடத்தும் மார்கரெட். என் பெயர் முருகேசன். அவர்களுக்கு அதில் பாதி போதும்.

எண் எதற்கு என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கான குழு அது. எனக்கு இருப்பது இருமுனைக் கோளாறு. சில வாரங்கள் மனம் கட்டுக்கு அடங்காமல் மேலே போகும். பிறகு பல மாதங்கள் தரையோடு தரையாகக் கிடக்கும். வியாழன்தோறும் கூடியதும் ஒவ்வொருவரும் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் எழுந்திருக்க முடியவில்லை, பத்து என்றால் யாரும் தடுக்க முடியவில்லை. நம் ஊரில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்போம். அதற்குள் எல்லாம் அடங்கிவிடும், எதுவும் தெரியாமலும் போகும். அங்கே முன்பின் தெரியாதவர்கள் என் எண்ணைக் கேட்டுவிட்டு, காரணத்தையும் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும்போது பேருந்து நிறுத்தத்தில் என்னைத் தெரியாததுபோல் நிற்பார்கள். அது அவர்களுடைய மரியாதை. அது எனக்குப் புரிய நான்கு மாதம் ஆனது.

அண்ணன் வீட்டில் வியாழக்கிழமை நான்கு மணி என்பது "தம்பிக்கு லண்டன் கம்பெனி மீட்டிங்". நான் இருப்பது லீட்ஸ், வேலை செய்வது ஒரு கிடங்கில், பெட்டிகளுக்கு நாடா ஒட்டும் பகுதியில். மனைவி தனலட்சுமி அங்கே மருத்துவமனையில் செவிலியர், அவள் விசாவில் நான் போனவன். இதில் ஒன்றையும் நான் மறைக்கவில்லை. அண்ணன் கடைத்தெருவில் "மேனேஜர்" என்று சொன்னபோது மறுக்கவும் இல்லை. மறுக்காமல் இருப்பதில் எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

குழுவுக்கு முதல் நாள் போனது நினைவிருக்கிறது. கூடத்தின் வாசலில் ஒரு மேசை, மேசையில் ஒரு பிரம்புக்கூடை, கைபேசிகளை இதில் போடவும் என்று ஓர் அட்டை. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் பதினேழு வருடம் போர்மேனாக இருந்தவன் நான். வாசலில் இப்படி ஒன்றைப் பார்த்தால் என் கைகள் என்னைக் கேட்பதில்லை. கைபேசியைப் போட்டேன். சாவி, சில்லறை, பேனா. உலோகக் கொக்கி என்பதால் பெல்ட்டைக் கழற்றிப் போட்டேன். காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு, தடவிப் பார்க்க ஆள் வருவதற்காக நின்றேன். வட்டத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மார்கரெட் மெதுவாக எழுந்து வந்து பெல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஆர் யூ சேஃப்?" என்று கேட்டார். கம்பெனிச் சுவரில் பதினேழு வருடம் படித்ததையே நான் பதிலாகச் சொன்னேன்: "யெஸ் மேடம். சேஃப்டி ஃபர்ஸ்ட்."

என் உயிருக்கு என்னாலேயே ஆபத்து என்று அவர் எடுத்துக்கொண்டார். அங்கே பெல்ட்டைத் தானாகக் கழற்றிக் கொடுப்பதற்கு அதுதான் அர்த்தம். பத்து நிமிடத்தில் தனலட்சுமியை வார்டிலிருந்து தொலைபேசிக்கு அழைத்துவிட்டார்கள். அவள் விளக்கினாள்: வெடிமருந்து இருக்கும் இடம், தீக்குச்சியோ கைபேசியோ உள்ளே போகக் கூடாது, தினமும் காலையில் சோதனை போட்டுத்தான் விடுவார்கள், அவருக்குப் பழக்கம். மார்கரெட் மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று நாட்குறிப்பில் இதை எழுதும்போது "யாரோ தடவிப் பார்க்க வருவதற்காக" என்று எழுதிவிட்டு நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன். ஏனென்றால் அது யாரோ இல்லை. முதல் பத்து வருடம் ஒவ்வொரு காலையும் என்னைத் தடவிப் பார்த்த கைகள் வாட்ச்மேன் செல்லையாவுடையவை.

செல்லையா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். போர்மேன், கூலியாள், முதலாளி வீட்டு மாப்பிள்ளை, யாராக இருந்தாலும் ஒரே சோதனை. தோளில் தொடங்கி இடுப்பு வரை வந்து, சட்டைப் பையை உள்பக்கம் வெளியே இழுத்துப் பார்ப்பார். "போங்க சார், சுத்தம்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காகப் பக்கத்தில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போவேன். பீடிகூடக் குடிக்காதவர். பெண்கள் வரிசையில் அவரை "சாமியாரு" என்று கேலி செய்வார்கள்.

2014 செப்டம்பர் நடுவில், தீபாவளி சீசன் உச்சத்தில், எனக்குத் தூக்கம் இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. அந்த வருடத்து நாட்குறிப்பு இதே வீட்டில் பரணில் இருக்கிறது, இந்த முறை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்டு வரை ஒரு நாளுக்கு ஒரு பக்கம், கோடு தாண்டாத எழுத்து. செப்டம்பர் 12க்குப் பிறகு எழுத்து பெரிதாகிறது, ஒரு நாளுக்கு ஒன்பது பக்கம், பதினொரு பக்கம். பட்டாசுத் தொழிலையே மாற்றி அமைக்கும் திட்டங்கள். 18ஆம் தேதி வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நான் கேட்டில் கைகளைத் தூக்கி நின்றபோது செல்லையா சோதனை போட்டு முடித்துவிட்டு "சுத்தம்" என்று சொல்லவில்லை. என் கண்களைப் பார்த்தார். பிறகு, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி, "சார், இன்னிக்கு வேண்டாம். நீங்க ஒரு மாதிரி இருக்கீக. வீட்ல போயி படுங்க, மேனேஜர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

என் வாழ்க்கையில் என் நோயை முதலில் கண்டுபிடித்தவர் பின்னால் எனக்கு வைத்தியம் பார்த்த மதுரை டாக்டர் இல்லை. இவர்தான். நான் கேட்டில் வைத்துக் கத்தினேன். மேனேஜர் ஓடி வந்தார். "இந்தாளு குடிச்சிட்டு டூட்டிக்கு வந்திருக்கான், வாய் நாறுது" என்றேன். வெடிமருந்து இருக்கும் இடத்தில் அந்தச் சொல்லுக்கு விசாரணை கிடையாது. போர்மேன் வாய்ச்சொல் போதும். எட்டு மணிக்குள் செல்லையாவின் வாட்ச்மேன் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நான் உள்ளே போனேன். நான்கு பேர் மட்டும் என்று சுவரில் எழுதியிருந்த அறையில் ஆறு பேரை உட்கார வைத்து, வேலை எப்படி வேகமாக நடக்கும் என்று காட்டினேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. அதை என் திறமை என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அதற்கு மேலே, அதே பக்கத்தில், "வாட்ச்மேன் செல்லையா, வாய் நாற்றம், சாராயம்" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். எந்த நாற்றமும் இல்லை. எழுதும்போதே எனக்கு அது தெரியும்.

தீபாவளிக்கு முன்பே நான் விழுந்துவிட்டேன். அண்ணன்தான் மதுரைக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்த்தார். ஊருக்கு மஞ்சள்காமாலை என்று சொன்னோம். தை பிறந்ததும் தேறி, மார்ச்சில் வேலைக்குத் திரும்பினேன். கேட்டில் புது ஆள் நின்றார். நான் கைகளைத் தூக்கினேன், அவர் தடவிப் பார்த்தார், உள்ளே போனேன். இப்படியே இன்னும் ஆறு வருடம்.

இதைத்தான் இந்த வியாழக்கிழமை சொல்வதாகக் குழுவிடம் போன வாரமே ஒத்துக்கொண்டிருந்தேன். சொல்லத் தொடங்கிய மூன்றாவது நிமிடம் கதவு திறந்தது. மதினி. ஒரு கையில் காபி, இன்னொரு கையில் காராச்சேவுத் தட்டு. கைபேசியில் முகங்களைப் பார்த்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "பெரிய ஆபீசர்களா? எல்லாரும் சாப்பிட்டீகளான்னு கேளு." நான் மொழிபெயர்த்தேன். எட்டுப் பேரும் கையை ஆட்டினார்கள். "இந்த அம்மா நரைச்சும் எம்புட்டு அழகா இருக்கு" என்று மார்கரெட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு மதினி இறங்கிப் போனார். கதவைச் சாத்தவில்லை. நானும் எழுந்து சாத்தவில்லை, அங்கிருந்து எழுந்தால் மறுபடி உட்கார மாட்டேன் என்று பட்டது.

சொல்லி முடித்தேன். அவர்கள் எப்போதும் போல அன்பாகத்தான் இருந்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது நீ இல்லை முரு, அது நோய்" என்றார் மார்கரெட். அந்த வாக்கியம் எனக்குள் இறங்கியபோது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. பத்து வருடச் சுமையை யாரோ வாங்கி ஓரமாக வைத்ததுபோல் இருந்தது. என் எண் ஐந்திலிருந்து ஆறுக்குப் போனதுகூடத் தெரிந்தது. அப்போது டெரெக் பேசினார். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர்.

"எப்போது குணமாச்சு உனக்கு?"

"2015 ஜனவரியில்."

"அந்த வாட்ச்மேன் குடிக்கவில்லை என்று கம்பெனியில் எப்போது சொன்னாய்?"

 இணைப்பு விட்டுப்போனதோ என்று மார்கரெட் இரண்டு முறை என் பெயரைக் கூப்பிட்டார். டெரெக் கேலியாகவோ கோபமாகவோ கேட்கவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல்தான் கேட்டார். செப்டம்பர் 18 நோயின் கணக்கில் போகட்டும். அதற்குப் பிறகு ஆறு வருடம், தினமும் எட்டு மணி நேரம் தூங்கி, மாத்திரை போட்டு, தெளிந்த தலையோடு அந்த கேட்டைத் தாண்டிப் போனவன் யார்? கைபேசியில் சிவப்புப் பொத்தானை நானே அழுத்தினேன்.

திரும்பினால் வாசல் நிலையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தம்பி இங்கிலீஷ் பேசுவதைக் கேட்க மாடிப்படியில் வந்து நின்றிருக்கிறார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது.

"ஏலே, நம்ம செல்லையா பேரு எதுக்குலே லண்டன் மீட்டிங்ல அடிபடுது? நாலு தடவ சொன்ன."

உண்மையைச் சொன்னேன். மீட்டிங் என்ன மீட்டிங் என்பதையும் சேர்த்து. நின்றபடியே கேட்டார். நடுவில் காராச்சேவுத் தட்டை எடுத்துக் கீழே வைத்தார், பிறகு மறுபடி எடுத்து மேசையில் வைத்தார்.

"இன்னும் அந்தச் சீக்கு இருக்கா?"

"இருக்கும்ணே. மாத்திரையில அடங்கிக் கெடக்கு."

"அவன் குடிச்சிருந்தான்னு நீதானலே சொன்ன."

"குடிக்கல. நான் பொய் சொன்னேன்."

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தார். அவருக்கு என்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது பயம். "இத இப்ப வெளிய சொன்னா, நீ எதுக்குப் பொய் சொன்னன்னு கேப்பாக. அப்புறம் எல்லாம் வெளிய வரும். உன் மகளுக்கு இங்கன இருந்துதான மாப்பிள பாக்கணும்? மஞ்சக்காமாலன்னு நாம மூடி வச்சத நீயே போயி தொறக்கப் போறியா?"

"சனிக்கிழம பிளைட்டு. இந்தத் தடவ சொல்லாமப் போனா இனி சொல்ல மாட்டேண்ணே."

"லண்டன்ல சொல்லியாச்சுல்ல. அது போதாதா?"

 அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர், எனக்காக ஊர் முழுக்கப் பொய் சொன்னவர். கடைசியில் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துக் கட்டிலில் போட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பெட்ரோல் கம்மியாக் கெடக்கு. பாத்துப் போட்டுக்க" என்றார்.

தாயில்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து ஐம்பது. செல்லையா வீட்டைக் கேட்க வேண்டியிருக்கவில்லை, தெரிந்த தெருதான். அவர் இப்போது சாத்தூரில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடுகிறார். அப்போதுதான் திரும்பி வந்து, வாளியில் தண்ணீர் மொண்டு கால் கழுவிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க சார். எப்ப வந்தீக?" அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமல் நின்றே சொன்னேன். லீட்ஸில் சொன்னதைவிடப் பாதி நேரம்தான் ஆனது. அங்கே நோயை விளக்க வேண்டியிருந்தது. இங்கே அதை எனக்கு முன்பே பார்த்துவிட்டவரிடம் சொல்கிறேன்.

முதலில் பேசியது அவர் மனைவி. "ஒரு வேலை போனது பெருசில்ல சார். எங்க அண்ணன் மக கல்யாணத்துல இவுக பந்தியில உக்காந்திருக்காக. ஒருத்தன் காதுல வந்து, ‘மாமா, பாட்டிலு கொல்லப்பக்கம் இருக்கு’ன்னு சொல்லுதான். எல்லாப் பயலும் சிரிக்கான். பத்து வருசமா எந்த விசேசத்துக்குப் போனாலும் இதே கூத்து. இப்ப இவுக எங்கயும் வாரதில்ல. மொய்ய எங்கிட்டதான் குடுத்து விடுதாக."

"ஏ, நிறுத்து" என்றார் செல்லையா. பிறகு என்னிடம் திரும்பினார். "அன்னிக்கு உங்க கண்ணு செவந்து கெடந்தது. எங்க சின்னையாவுக்கும் இப்பிடி வரும், எனக்குத் தெரியும். அதான் போக வேண்டாம்னேன். குறையாச் சொல்லல."

"தெரியும். நான்தான்..."

"இருங்க. நான் குடிக்கலன்னு எனக்குத் தெரியும். அத எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுதீக?" குரலை உயர்த்தவில்லை. கம்பெனி இருக்கும் தெற்குப் பக்கம் கையைக் காட்டினார். "எங்கன வச்சுச் சொன்னீகளோ அங்கன போயிச் சொல்லுங்க. காலையில ஏழே முக்காலுக்கு எல்லாரும் நிப்பாக. பழைய ஆளுக இன்னும் பாதிப் பேரு இருக்காக. அந்த மேனேஜருந்தான்."

"நீங்களும் வாரீங்களா?"

"நான் எதுக்கு? நான் வந்தா, இவன்தான் கூட்டியாந்து சொல்லச் சொல்லுதான்னு ஆகும்." வாளியைக் கவிழ்த்து வைத்தார். "காபி போடச் சொல்லவா?"

வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய் ஒன்றும் குடிக்காமல் வந்ததும், குடிக்கச் சொல்லி இரண்டாம் முறை கேட்காமல் என்னை விட்டதும் அதுவே முதல் முறை.

ஆமத்தூருக்கு எட்டு மணிக்குள் திரும்பி, மாத்திரை போட்டுப் படுத்தேன்.  வண்டிச் சாவியை நான் ஆணியில் மாட்டவில்லை என்பதை அண்ணன் பார்த்தார். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. எழுந்ததும் நாட்குறிப்பில் எண்ணை எழுதுவது குழுவில் சேர்ந்த நாளிலிருந்து தவறாதது. இன்று அந்த இடம் காலி. முதலில் செய்தது இது: ஏழு நாற்பதுக்குக் கம்பெனி கேட்டில், தூக்குச்சட்டிகளோடு நின்ற வரிசையின் முன்னால் போய் நின்றேன். வாட்ச்மேனாக ஓர் இளைஞர், என்னைத் தெரியாதவர். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன். "அவரு வருவாரு. சோதன போடணும், எல்லாத்தையும் எடுத்து வைங்க" என்று பிளாஸ்டிக் தட்டை நீட்டினார். கைபேசியை வைத்தேன், திரையில் இரண்டு கடிகாரம், ஒன்றில் ஏழு நாற்பது, லீட்ஸ் நேரம் காட்டுவதில் இரண்டு பத்து. பக்கத்தில் லீட்ஸ் வீட்டுச் சாவி, அண்ணனின் வண்டிச் சாவி. பெல்ட்டைக் கழற்றி வைத்தேன். செருப்பை ஓரமாக விட்டேன். கைகளைப் பக்கவாட்டில் தூக்கினேன். இங்கே யாரும் பேச்சை நிறுத்தவில்லை, யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. இளைஞர் என் தோளில் கை வைக்கும்போது மேனேஜர் உள்ளிருந்து வருவது தெரிந்தது. வரிசையில் மூன்றாவதாக நின்ற பெண் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். நான் வரிசையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். கைகளை இறக்கவில்லை. "அன்னிக்கு வாட்ச்மேன் செல்லையா குடிச்சிருக்கல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "எனக்குத்தான் புத்தி சரியில்லாம இருந்தது. அவரு அதக் கண்டுபிடிச்சாரு, நான் பொய் சொல்லி அவரு பொழப்பக் கெடுத்தேன்."

இளைஞரின் கைகள் என் இடுப்புக்கு வந்து நின்றுவிட்டன. தட்டில் இரண்டு சாவிகளும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. சுத்தம் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டுக்கு உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், கைகளைத் தூக்கியபடி, மேனேஜர் வந்து சேர்வதற்காக நின்றுகொண்டிருந்தேன்.